எமிட் ரோட்ஸ் ஒன்றும் சோம்பேறி இல்லை

பவர் பாப் கேட்கிறவர்கள் மத்தியில் ஒரு கதை ரொம்ப வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. எமிட் ரோட்ஸ் என்று ஒரு பையன். இருபது வயதில், அப்பா அம்மா வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் தனியாக உட்கார்ந்து, எல்லா வாத்தியங்களையும் தானே வாசித்து, தானே பாடி, தானே பதிவு செய்து ஒரு ஆல்பம் போட்டான். கேட்டவர்கள் அசந்துபோனார்கள். இருபத்துநாலு வயதுக்குள் எல்லாம் முடிந்தது. "பாவம், திறமை இருந்தது, தொடர்ந்து செய்யத் துப்பில்லை", "ஜீனியஸ் என்றால் அப்படித்தான், ஒழுங்காக வேலை பார்க்க மாட்டார்கள்". இவ்வளவுதான் கதை. கேட்டுவிட்டு ஒரு உச்சுக்கொட்டல், அடுத்த பாட்டுக்குப் போய்விடலாம்.

இந்தக் கதை பொய். முழுப் பொய்யாக இருந்தால்கூடப் பரவாயில்லை. பாதி உண்மையைக் கலந்து, குற்றவாளியை மட்டும் கச்சிதமாகக் கழற்றிவிட்ட பொய். ரோட்ஸுக்கு என்ன ஆனது என்று தெரிய வேண்டுமானால் அவருடைய பாடல் வரிகளில் சோகத்தைத் தேடி ஜல்லியடிக்க வேண்டாம். அவர் கையெழுத்துப் போட்ட காகிதத்தைப் பார்த்தால் போதும். மூன்று வருஷத்தில் ஆறு ஆல்பம். அதாவது ஆறு மாதத்துக்கு ஒன்று.

பவர் பாப் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி. பீட்டில்ஸ் மாதிரி முணுமுணுக்க வைக்கிற மெட்டு, கூடவே நெஞ்சில் அடிக்கிற கிட்டாரும் டிரம்ஸும், மேலே அடுக்கடுக்காக ஹார்மனி. அந்தப் பெயரை 1967-இல் முதலில் சொன்னவர் 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்ட். கேட்க எளிமையாக இருக்கும், செய்யத்தான் உயிர் போகும். நீளமான சோலோ வாசித்து நேரத்தை ஓட்ட முடியாது. மூன்று நிமிஷத்துக்குள் எல்லாம் கச்சிதமாக உட்கார வேண்டும். இந்த விஷயம் பின்னால் தேவைப்படும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ரோட்ஸ் 1950-இல் பிறந்தவர். வளர்ந்தது கலிஃபோர்னியாவில் ஹாதார்ன் என்ற ஊரில். பீச் பாய்ஸ் சகோதரர்களின் ஊரும் அதுதான். பள்ளிக்கூட வயதிலேயே 'பேலஸ் கார்ட்' என்ற குழுவில் டிரம்ஸ் வாசித்தார். அப்புறம் 'மெர்ரி-கோ-ரவுண்ட்' என்று சொந்தக் குழு. பாட்டெழுதி, மெட்டுப் போட்டு, முன்னால் நின்று பாடுவதும் அவரே. 'லைவ்' என்ற அவர்களுடைய பாட்டு 1967-இல் பில்போர்டு பட்டியலில் 63-ஆம் இடம் வரை போனது. சோம்பேறிகள் பதினேழு வயதில் செய்கிற வேலையா இது? 1984-இல் 'பேங்கிள்ஸ்' பெண்கள் தங்கள் முதல் முழு ஆல்பத்தில் அதே பாட்டை எடுத்துப் பாடினார்கள். இங்கிலாந்தில் 'ஃபேர்போர்ட் கன்வென்ஷன்' அதற்கும் முன்பே, 1968-இல், அவருடைய இன்னொரு பாட்டைத் தங்கள் முதல் ஆல்பத்தில் வைத்துக்கொண்டது.

குழு 1969-இல் கலைந்தது. ரோட்ஸ் ஒரு நாலு டிராக் ரெக்கார்டரை வாங்கி வீட்டுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். இன்றைக்கு எல்லோரும் மடிக்கணினியில் செய்கிற வேலை என்பதால் அதன் கஷ்டம் நமக்கு உறைக்காது. நாலு டிராக் என்றால் நாலே நாலு கோடு. பியானோ ஒன்று, டிரம்ஸ் ஒன்று, பேஸ் ஒன்று என்று நிரப்பிவிட்டால் மீதி ஒன்றுதான். இன்னும் இடம் வேண்டுமென்றால் வாசித்ததை எல்லாம் கலந்து ஒரே கோட்டில் இறக்கிவிட்டு, காலியான கோடுகளில் மறுபடி ஆரம்பிக்க வேண்டும். கலந்தது கலந்ததுதான். பேஸ் கொஞ்சம் சத்தமாக வந்துவிட்டது என்று பிறகு தோன்றினால் ஒன்றும் செய்ய முடியாது, முதலில் இருந்து வாசிக்க வேண்டும். இதில் பட்டனை அமுக்குகிற ஆளும் வாசிக்கிற ஆளும் ஒருவரே. ரெக்கார்டரை ஓடவிட்டுவிட்டு ஓடிப்போய் டிரம்ஸ் முன்னால் உட்கார வேண்டும்.

அப்படிச் செய்த ஆல்பத்தை ஏபிசி-டன்ஹில் நிறுவனம் வாங்கியது. மாமாஸ் அண்ட் பாப்பாஸ், ஸ்டெப்பன்வுல்ஃப், த்ரீ டாக் நைட் போன்றவர்களை வைத்திருந்த பெரிய கை. 1970 கடைசியில் 'எமிட் ரோட்ஸ்' என்ற பெயரிலேயே ஆல்பம் வந்தது. பன்னிரண்டு பாட்டு. பில்போர்டில் 29-ஆம் இடம். வீட்டுக் கொட்டகையில் ஒரே ஆள் செய்த சரக்கு, பெரிய ஸ்டூடியோக்களில் லட்சக்கணக்கில் கொட்டி எடுத்தவற்றுக்கு நடுவே போய் உட்கார்ந்தது.

இங்கேதான் வேடிக்கை. அவர் முன்பு இருந்த ஏ அண்ட் எம் நிறுவனத்திடம் மெர்ரி-கோ-ரவுண்ட் காலத்துக் கடைசியில் பதிவு செய்த பாட்டுகள் கொஞ்சம் தூசி படிந்து கிடந்தன. அதுவரை அதைச் சீண்டாதவர்கள், புது ஆல்பம் ஓட ஆரம்பித்ததும் 'தி அமெரிக்கன் ட்ரீம்' என்று பெயர் வைத்துக் கடைக்கு அனுப்பிவிட்டார்கள். அது 194-ஆம் இடத்தைத் தொட்டது, அவ்வளவுதான். ஆனால் வாங்க வந்தவன் முன்னால் ஒரே நேரத்தில் இரண்டு எமிட் ரோட்ஸ். எது புதுசு, எது பழசு என்று அவனுக்கு எப்படித் தெரியும்? ஒரு பாடகனுக்குப் போட்டியாக அவனையே இறக்கிவிடுவது... என்ன கொடுமை சார் இது.

சரி, முக்கியமான காகிதத்துக்கு வருவோம். காஸ்டிங் பேப்பர் எழுதியவர்களுக்கு லிமிட்டிங் ஃபேக்டர் என்றால் தெரிந்திருக்கும். தொழிற்சாலையில் எது பற்றாக்குறையோ அதுதான் உற்பத்தியைத் தீர்மானிக்கும். மூலப்பொருள் மலை மாதிரி இருந்தாலும் மெஷின் ஒன்றுதான் என்றால், அந்த மெஷின் ஓடுகிற மணி நேரம்தான் கணக்கு. ரோட்ஸின் தொழிற்சாலையில் எல்லா மெஷினும் ஒரே ஆள். ஆறு மாதம் என்பது 26 வாரம். பன்னிரண்டு பாட்டு என்றால் பாட்டுக்கு இரண்டு வாரம், சில்லறை. அதற்குள் பாட்டை எழுத வேண்டும், மெட்டுப் போட வேண்டும், டிரம்ஸ், பேஸ், பியானோ, கிட்டார் ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டும், பாட வேண்டும், ஹார்மனி ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்ற வேண்டும். கச்சேரி, வானொலிப் பேட்டி, காய்ச்சல், கல்யாணம் எதற்கும் ஒரு நாள்கூடக் கிடையாது. இப்படி ஆறு தடவை. இந்த உற்பத்தித் திட்டத்தைப் பரீட்சையில் எழுதினால் வாத்தியார் பூஜ்யம் போட்டு, பக்கத்தில் சிவப்பு மையில் கேள்விக்குறியும் போடுவார்.

அவரை 'ஒரே ஆள் பீட்டில்ஸ்' என்று புகழ்வார்கள். 2009-இல் இத்தாலியர் ஒருவர் எடுத்த ஆவணப்படத்தின் பெயரும் அதுதான். புகழ்ச்சிக்குள்ளேயே குற்றச்சாட்டு இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. நாலு பேர், தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின், இன்ஜினியர்கள், ஒரு முழு ஸ்டூடியோ எல்லாம் சேர்ந்து வருஷத்துக்கு இரண்டு ஆல்பம் செய்தார்கள். டன்ஹில் அந்த வேகத்தை அப்படியே ஒரே பையனிடம் கேட்டது.

"அவர் மெதுவான ஆள்" என்கிறவர்களுக்கு ஒரு ஒப்பீடு. பால் மெக்கார்ட்னி அண்ணாச்சி, அதே 1970-இல், கிட்டத்தட்ட அதே முறையில், எல்லா வாத்தியமும் தானே வாசித்து 'மெக்கார்ட்னி' என்ற ஆல்பம் போட்டார். ஏப்ரல் மாதம் வந்தது. அவருடைய அடுத்த ஆல்பம் 'ராம்' எப்போது வந்தது? 1971 மே மாதம். பதின்மூன்று மாதம். அதிலும் இந்தத் தடவை தனியாக இல்லை, நியூயார்க்கில் கூலி கொடுத்து அமர்த்திய தேர்ந்த வாத்தியக்காரர்கள் கூட இருந்தார்கள். ரோட்ஸின் இரண்டாவது டன்ஹில் ஆல்பம் 'மிரர்' 1971 கடைசியில் வந்தது. ஏறக்குறைய ஒரு வருஷம், மறுபடியும் தனி ஆளாக. அதாவது உலகத்தின் மிகப் பெரிய பாப் இசைக்காரரை விட அவர் ஒரு நாள்கூட மெதுவாக இல்லை!

மெக்கார்ட்னி மேல் யாராவது ஆல்பம் தாமதம் என்று வழக்குப் போட்டார்களா? ரோட்ஸ் மேல் டன்ஹில் போட்டது. இரண்டரை லட்சம் டாலர் கேட்டு. கூடவே அவருக்கு வர வேண்டிய ராயல்டியையும் நிறுத்தி வைத்தது.

இரண்டரை லட்சம் டாலர் என்பது அன்றைக்கு எவ்வளவு? ஒரு எல்பி தட்டின் விலையே ஐந்து, ஆறு டாலர்தான். கணக்குக்காக, தட்டு ஒன்றுக்குப் பாடகருக்கு 25 சென்ட் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தொகையைச் சம்பாதிக்கப் பத்து லட்சம் தட்டு விற்க வேண்டும். பட்டியலில் 29-ஆம் இடம் வரை போன ஒரு பையனிடம் கேட்கிற தொகையா அது? அவரிடம் அவ்வளவு இல்லை என்பது வழக்குப் போட்டவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. சம்பளத்தைப் பிடித்துவைத்துவிட்டு, ஏன் வேலையை வேகமாக முடிக்கவில்லை என்று கேட்கிற முதலாளியை நம் ஊர்ப் பெட்டிக்கடையில்கூடப் பார்க்க முடியாது.

'மிரர்' 182-ஆம் இடம். 1973-இல் 'ஃபேர்வெல் டு பாரடைஸ்', அது பட்டியலிலேயே வரவில்லை. பெயரிலேயே டாட்டா சொல்லிவிட்டார். ஆறில் மூன்று கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகு மற்றவர்களின் பாட்டைப் பதிவு செய்து கொடுக்கிற இன்ஜினியர் வேலைக்குப் போனார். பின்னாளில் பேட்டிகளில் தான் எரிந்து கருகிப்போனதாகச் சொன்னார், மனச்சோர்வு பற்றியும் வெளிப்படையாகப் பேசினார். உடனே "பார்த்தீர்களா, மனச்சோர்வுதான் காரணம்" என்று எழுதுகிறவர்கள் ஒரு கூட்டம். வீட்டைக் கொளுத்தியவனை விட்டுவிட்டு, புகை வந்ததால்தான் வீடு எரிந்தது என்று சொல்வது போல இருக்கிறது.

இனி எதிர்த்தரப்பு. பலமானதாகவே எடுத்துக்கொள்வோம்.

"யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லையே, கையெழுத்துப் போட்டவர் அவர்தானே?" ஆமாம், போட்டார். இருபது வயது. எதிரே ஏபிசி என்ற பெருங்கம்பெனியின் வக்கீல்கள். அந்தக் காலத்தில் வருஷத்துக்கு இரண்டு ஆல்பம் என்பது பல ஒப்பந்தங்களில் இருந்த வழக்கம்தான், அதையும் மறுக்க வேண்டாம். ஆனால் அது ஊர் ஊராகச் சுற்றும் குழுக்களுக்காக, நாலு ஐந்து பேர் உட்கார்ந்து சில நாட்களில் பதிவு செய்து முடிக்கிற முறைக்காக வந்த வழக்கம். ரோட்ஸ் எப்படி வேலை செய்கிறார் என்பது டன்ஹிலுக்குத் தெரியும். தெரிந்துதான் வாங்கினார்கள், விளம்பரத்துக்கு நல்ல கதை அதுதானே? விற்கும்போது "தனி ஆள் அற்புதம்", கணக்குக் கேட்கும்போது "ஏன் நாலு பேர் அளவுக்குச் செய்யவில்லை?". இரண்டில் ஏதாவது ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

"ஜான் ஃபோகர்ட்டி 1969-இல் ஒரே வருஷத்தில் மூன்று ஆல்பம் கொடுக்கவில்லையா?" கொடுத்தார். கிரீடன்ஸ் குழுவுக்காக, எல்லாமே தரமான ஆல்பங்கள். அப்புறம்? 1972-இல் குழு உடைந்தது. ஃபோகர்ட்டியே தன் கம்பெனியோடு மோதிக்கொண்டு, 1975-க்கும் 1985-க்கும் நடுவே பத்து வருஷம் ஒரு ஆல்பம்கூட வெளியிடவில்லை. எதிர்த்தரப்பு கூட்டிவந்த சாட்சியே நம் பக்கம் சாய்ந்துவிட்டார் :-)

மூன்றாவது வாதம்தான் வணிகம் படிக்கிறவர்கள் வாயிலிருந்து வருவது. "கம்பெனி பணம் போடுகிறது, ரிஸ்க் எடுக்கிறது. சரக்கு வராவிட்டால் வழக்குப் போடத்தான் செய்யும்." நியாயம்தான். ஆனால் ரிஸ்க்கின் அளவைப் பாருங்கள். இதே கலிஃபோர்னியாவில் சில வருஷம் கழித்து ஒரு வழக்கு வந்தது, எம்சிஏ நிறுவனத்துக்கும் ஒலிவியா நியூட்டன்-ஜானுக்கும் இடையே. 1975-இல் போட்ட ஒப்பந்தம், இரண்டு வருஷம், வருஷத்துக்கு இரண்டு ஆல்பம், அதற்கு மேல் மூன்று வருஷம் நீட்டிக்கிற ஆப்ஷன் கம்பெனி கையில். முதல் இரண்டு வருஷத்து ஆல்பம் ஒவ்வொன்றுக்கும் அவருக்கு முன்பணம் எவ்வளவு தெரியுமா? இரண்டரை லட்சம் டாலர். ரோட்ஸிடம் நஷ்ட ஈடாகக் கேட்ட அதே தொகை! ஒரு பெரிய நட்சத்திரத்துக்கு ஒரு ஆல்பத்துக்கு முன்னாலேயே கொடுக்கிற பணத்தை, கொட்டகையில் தன் ரெக்கார்டரை வைத்துப் பாட்டுச் செய்தவரிடம் அபராதமாகக் கேட்டிருக்கிறார்கள். ஸ்டூடியோ வாடகை இல்லை, கூலி வாத்தியக்காரர்கள் இல்லை. இதைவிட மலிவான சரக்கு அந்தக் கம்பெனிக்கு எங்கே கிடைத்திருக்கும்?

அந்த வழக்கில் நியூட்டன்-ஜானும் ஆல்பம் கொடுப்பதை நிறுத்திவிட்டார். 1979-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒப்பந்தம் ஒழுங்காக நடந்திருந்தால் எவ்வளவு காலம் இருந்திருக்குமோ அதற்கு மேல் அவரைக் கட்டிப்போட்டு வைக்க முடியாது என்று சொன்னது. கம்பெனிகள் சும்மா இருக்குமா? அதற்குப் பிறகு வருஷக் கணக்கை விட்டுவிட்டு ஆல்பக் கணக்கில் ஒப்பந்தம் எழுத ஆரம்பித்தார்கள். இத்தனை ஆல்பம் கொடுத்தால்தான் விடுதலை, எத்தனை வருஷம் ஆனாலும் சரி.

கலிஃபோர்னியாவில் ஏழு வருஷச் சட்டம் என்று ஒன்று உண்டு. தனிமனித உழைப்பு ஒப்பந்தம் எதுவும் ஏழு வருஷத்துக்கு மேல் செல்லாது. நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட் 1944-இல் வார்னர் பிரதர்ஸை எதிர்த்து ஜெயித்தது இதை வைத்துத்தான். நடிகர்களுக்கு அந்தத் தீர்ப்பு கவசமாக இருக்கிறது. பாட்டுக்காரர்களுக்கு? 1987-இல் அந்தச் சட்டத்தில் ஒரு துணைப்பிரிவைச் சேர்த்தார்கள். ஏழு வருஷம் கழித்துப் போகலாம், ஆனால் கொடுக்காத ஆல்பங்களுக்கு நஷ்ட ஈடு கேட்டுக் கம்பெனி வழக்குப் போடலாம். அதாவது ரோட்ஸுக்கு நடந்ததை, பதினைந்து வருஷம் கழித்துச் சட்டப் புத்தகத்திலேயே அச்சடித்துவிட்டார்கள். அதை நீக்க 2022-இல் ஒரு மசோதா வந்தது, நிறைவேறவில்லை.

"காலம் மாறிவிட்டது, இப்போதெல்லாம் சுதந்திரமாகச் செய்யலாமே" என்பார்கள். கொஞ்சம் உண்மை. ஏமி மேனைப் பாருங்கள். 1985-இல் 'டில் ட்யூஸ்டே' குழுவில் புகழ் பெற்றவர். தனியாகப் போட்ட முதல் ஆல்பத்தின் கம்பெனி மூடிக்கொண்டது. அடுத்து ஜெஃபன், அது இன்னொரு கம்பெனிக்குள் கரைந்தது. புது முதலாளிகள் அவருடைய 'பேச்சலர் நம்பர் 2' ஆல்பத்தைக் கேட்டுவிட்டு ஹிட்டாகிற பாட்டு ஒன்றும் இல்லையே என்றார்கள். அவர் மாஸ்டர் டேப்புகளைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டு, 'சூப்பர்ஈகோ' என்று சொந்தக் கம்பெனி ஆரம்பித்து 2000-இல் தானே வெளியிட்டார். அதே சமயத்தில் 'மக்னோலியா' படத்தில் அவர் பாட்டு ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. ஏமி மேனுக்கு ரோட்ஸை விடத் திறமையோ ஒழுக்கமோ அதிகம் என்பதில்லை. டேப்பைத் திரும்ப வாங்கப் பணமும், இணையம் வழியாக நேரே விற்க வழியும் அவருக்கு இருந்தன. 1973-இல் ரோட்ஸ் மாஸ்டர் டேப்பை வாங்குவதா? ராயல்டியே வரவில்லை, எதை வைத்து வாங்குவது? 1979-இல் ஏபிசி மொத்தத்தையும் எம்சிஏ வாங்கியது. அவர் பாட்டுகளும் அந்த மூட்டையோடு கை மாறின. 2001-இல் 'தி ராயல் டெனன்பாம்ஸ்' படத்தில் அவர் குரல் கேட்டது, புது ஆட்கள் தேட ஆரம்பித்தார்கள். நடுநடுவே அவர் மறுபடி ஆல்பம் செய்ய முயன்றதும் உண்டு, முடியவில்லை.

கடைசியில் 2016-இல் வந்தது 'ரெயின்போ எண்ட்ஸ்'. ஓம்னிவோர் என்ற சின்ன நிறுவனம் வெளியிட்டது, கிறிஸ் பிரைஸ் தயாரித்தார். இந்த முறை தனி ஆள் இல்லை. ஏமி மேன் வந்து பாடினார், பேங்கிள்ஸின் சூசன்னா ஹாஃப்ஸ் வந்தார், ஜேசன் ஃபாக்னர், ஜான் பிரையன், நெல்ஸ் கிளைன் எல்லோரும் வந்தார்கள். அதில் பலர் அவர் பாட்டைக் கேட்டுத் தொழில் கற்றவர்கள். 1973-க்குப் பிறகு 43 வருஷம். டன்ஹில் வேகத்தில் போட்டால் 86 ஆல்பம் பாக்கி.

அதற்குப் பிறகு நாலு வருஷம் இருந்தார். 2020 ஜூலை மாதம், எழுபது வயதில், அதே ஹாதார்னில் இறந்தார். இரங்கல் குறிப்புகளில் அவர் வயது இருந்தது, 29-ஆம் இடம் இருந்தது, 'ஒரே ஆள் பீட்டில்ஸ்' தவறாமல் இருந்தது.